பளபளப்பை நம்பாதவர்கள்

கோபாலபுரத்தில் எங்கள் பழைய வீட்டில் வெள்ளிச் சாமான் எதுவும் விபூதிக்குத் தப்பியதில்லை. பஞ்சபாத்திரம், சந்தனக் கிண்ணத்தோடு தாத்தா விட்டுப்போன 1835ஆம் வருஷத்து நாலாம் வில்லியம் ரூபாயையும் சேர்த்தே பாட்டி தேய்த்துவிடுவாள். ஒருநாள் வீட்டுக்கு வந்த சேகரிப்பாளர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “ப்ரூஃப் மாதிரி இருக்கே!” என்று எழுந்தே விட்டார். லென்ஸை வைத்ததும் உட்கார்ந்துவிட்டார்.

அவர் பார்த்தது எழுத்துகளின் இடுக்கை. சேகரிப்புக்கென்றே தனியாக அடிக்கும் ப்ரூஃப் காசுக்கு அச்சையும் மெருகேற்றுவார்கள், வெள்ளித் தகட்டையும் மெருகேற்றுவார்கள், ஒரு தடவைக்கு மேல் அடிப்பார்கள். அதனால் விரல் புகாத இண்டில்கூடக் கண்ணாடி தெரியும். எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். கரையின் முனை மழுங்காமல் சதுரமாக இருக்கும். எங்கள் ரூபாயில் பரப்பு மின்னியது, இண்டில் மங்கல். மேலெல்லாம் மயிரிழைக் கீறல்.

காசு பார்க்கும் இந்தக் கலையிலும் பாட்டைப் போலப் பாடாந்தரங்கள் உண்டு. பிரிட்மோர் பாடாந்தரம் ஒன்று. 1975லும் 1980லும் வந்த அவருடைய இந்திய நாணயத் தொகுதிகளை வைத்துக்கொண்டு, முகப்பக்க அச்சு எது, பின்பக்க அச்சு எது, இரண்டும் சேர வேண்டியவைதானா என்று பார்ப்பவர்கள் இவர்கள். காசில் தானாக ஏறிய கறுப்பைத் தொடவே கூடாது என்பவர்கள் இன்னொரு வகை. எங்கள் பாட்டியைக் கண்டிருந்தால் அழுதிருப்பார்கள். மூன்றாவது, ‘ஸ்லாப்’காரர்கள். அமெரிக்கச் செப்பு சென்ட்டுகளுக்காக ஷெல்டன் 1949இல் வகுத்த 70 புள்ளி அளவுதான் இவர்களுக்கு வேதம். தரம் மதிப்பிடும் நிறுவனங்களான பிசிஜிஎஸ் 1986இலும் என்ஜிசி 1987இலும் தொடங்கிய பிறகு, காசைப் பிளாஸ்டிக்குக்குள் வைத்து எண் போட்டு விற்பது வழக்கமாயிற்று. காசை மாற்றி ஏமாற்றுவது கஷ்டம், நல்லதுதான். எண்ணைப் படிக்கப் பழகியவர் காசைப் படிக்க மறந்துபோவதையும் பார்க்கிறேன்.

பெரிய சண்டை ரீஸ்ட்ரைக் பற்றியது. கல்கத்தா, பம்பாய் அக்கசாலைகள் சேகரிப்பாளர்களுக்காகப் பழைய அச்சுகளில் பின்னாளில் மறுபடி அடித்துக் கொடுத்தன. 1970 வரை இந்த வழக்கம் இருந்தது. ஆக, 1835 என்று தேதி போட்ட ரூபாய் இருபதாம் நூற்றாண்டில் பிறந்ததாகவும் இருக்கலாம். வெள்ளி அதே, அக்கசாலையும் அரசாங்கத்துடையதே. போலி என்று சொல்ல வாய் வராது. துருதான் காட்டிக்கொடுக்கும். கிடப்பில் கிடந்த அச்சில் துரு அரித்த குழி காசில் குட்டிப் பருவாக எழும். துருவைத் தேய்த்து எடுத்திருந்தால் மெல்லிய கோடுகள் காணாமல் போயிருக்கும்.

அமெரிக்காவிலும் இதே கதை, இன்னும் விநோதமாக. அவர்களுடைய புகழ்பெற்ற 1804 டாலர் 1804இல் அடித்ததே அல்ல. சயாம் அரசருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் பரிசு கொடுக்க 1834இல் அடித்தார்கள். கால் நூற்றாண்டு கழித்து, சேகரிப்பாளர் ஆசையைக் காசாக்க மறுபடி சில வெளிவந்தன. அவற்றில் ஒன்றுக்கு விளிம்பில் எழுத்தே இல்லை; இன்று அது ஸ்மித்ஸோனியனில் இருக்கிறது. காசைத் தட்டையாக வைத்துப் பார்ப்பவருக்கு இந்தக் கதையில் பாதி தெரியாது.

அமெரிக்கக் கண்டத்து வெள்ளி நம் ஊருக்கும் வந்திருக்கிறது, வேறு வேஷத்தில். 1807-08 வாக்கில் சென்னையில் அடித்த அரை வராகனின் ஒரு பக்கம் கோபுரமும் நட்சத்திரங்களும். மறுபக்கம் பெருமாள், சுற்றித் தமிழும் தெலுங்கும். இவற்றில் சில, மெக்சிகோ வெள்ளியில் செய்த ஸ்பானிய டாலர்களின் மேலேயே அடித்தவை. பழைய படம் முழுதும் அழியவில்லை. ப்ரூஃபும் இல்லை, பார்க்க லட்சணமும் இல்லை. லென்ஸ் பிடிக்கக் கற்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்தால், கோபுரத்துக்கு அடியிலிருந்து ஸ்பானிய ராஜாவின் பெயரில் ஓர் எழுத்து எட்டிப் பார்க்கும்.