வயத்தை என்னமோ பண்றது

என் ஆரம்ப காலக் கதை ஒன்றில், ஆற்றில் ஆடி வெள்ளம் வரும்போது அம்மா மண்டபத்துப் படித்துறையில் ஒரு பெண் நிற்பாள். 'அச்சத்தால் அவள் நெஞ்சம் நடுங்கிற்று' என்று எழுதியிருந்தேன். ஸ்ரீரங்கத்தில் வடக்கு உத்தர வீதியிலிருந்த என் அத்தை அதைப் படித்துவிட்டு, "ஏண்டா, அவளுக்கென்ன குளிர் ஜுரமா?" என்றாள்.

எனக்குக் கோபந்தான் வந்தது. சில நாள் கழித்து ஓர் இரவு, அத்தையின் பிள்ளை திருச்சியிலிருந்து திரும்பவில்லை. ஒன்றாம் நம்பர் பஸ்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. அத்தை திண்ணைக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். "பயமா இருக்கா, அத்தை?" என்று கேட்டேன்.

"பயமெல்லாம் ஒண்ணுமில்லே. வயத்தை என்னமோ பண்றது."

இந்த வாக்கியத்தைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். வயிறு செயப்படுபொருள். எழுவாய் 'என்னமோ'. பயப்படுகிற மனுஷியே அதில் இல்லை. பயம் என்ற சொல்லும் மறுப்பதற்காகத்தான் முன்னால் வந்துவிட்டுப் போனது. சின்னப் பயத்தை நம் ஜனங்கள் இப்படித்தான் சொல்கிறார்கள்: இல்லையென்று சாதித்துவிட்டு, பழியை உடம்பின்மேல் போட்டுவிடுகிறார்கள். காவிரிப் பாலத்தைத் தாண்டிப் பாலக்கரைப் பக்கம் போனால், 'திக்கு திக்குன்னு இருக்கு' என்பார்கள். 'பக்குன்னு ஆயிடுச்சு' என்பது வேறு. அது ஒரு கணத்தோடு சரி. திக்குத்திக்கு, ஆள் வீடு வந்து சேரும்வரை ஓயாது. 'பயப்படறேன்' என்று தன்னைப் பற்றியே சொல்பவர்கள் அபூர்வம். 'என்ன, பயப்படறியா?' என்று அடுத்தவனைச் சீண்டத்தான் அது அதிகம் பயன்படுகிறது.

தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்று நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. பிள்ளை வரத் தாமதமாவது அதில் சேராது. நாங்கள் கதை எழுதும்போது எந்தப் பயத்துக்கும் புலியைக் கண்ட நடுக்கத்தையே கொடுத்துவிடுகிறோம். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' பேய்க்கதைதான். ஆனாலும் அதில் பயம் தூக்கம் பிடிக்காத ஓர் இரவிலும் ஒரு நாற்றத்திலும் ஆரம்பிக்கிறது. பேய்தான் என்று அவர் அடித்துச் சொல்வதுமில்லை. அவ்வளவு பொறுமை எனக்கு இருந்ததில்லை.

அன்று பிள்ளை வந்ததும் அத்தை, "சாதம் ஆறிப்போச்சு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்தக் கதை மறுபடி அச்சேறியபோது நெஞ்சத்தை எடுத்துவிட்டேன். காய்ந்துபோன புடவைத் தலைப்பை அவள் மறுபடி மறுபடி பிழிந்தாள் என்று போட்டேன். படித்துச் சொல்ல அத்தை இல்லை.