தூசி படியாத பழமை

நவம்பர் பாதியிலேயே கூலாயில் பனி பெய்யத் தொடங்கிவிடுகிறது. பேரங்காடிகளுக்குள்தான். வெளியே வடகிழக்குப் பருவமழை கொட்டும். உள்ளே பஞ்சுப் பனி, நுரைப் பனி, பிளாஸ்டிக் பனி. சில ஆண்டுகளாக இந்தப் பனிக்கு நடுவே புதுச் சரக்கு ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. சரக்கு புதுசு, பார்க்கத்தான் பழசு. முதுகில் ஊசியிலை மரத்தைச் சுமந்த சிவப்புப் பிக்கப் லாரி, ஓரம் உரிந்ததுபோல் சாயம் பூசிய பலகை, துருப்பிடித்ததுபோல் தகர விளக்கு, கோடு போட்ட கண்ணாடி உருண்டைகள், பல்லைக் காட்டி நிற்கும் மரச்சிப்பாய். பெட்டியின் முன்பக்கம் ‘விண்டேஜ்’ என்று இருக்கும். திருப்பினால் ‘மேட் இன் சைனா’.

அந்தப் பின்பக்க வரியில் எனக்குப் புகார் இல்லை. உலகத்துக் கிறிஸ்துமஸ் அலங்காரங்களில் பெரும்பகுதி சீனாவின் யீவூ நகரத்திலிருந்துதான் கப்பலேறுகிறது. நாம் போடும் சட்டையும் பிடிக்கும் கைப்பேசியும் வரும் வழியில்தான் இதுவும் வருகிறது. என் கேள்வி முன்பக்கச் சொல்லைப் பற்றியது. இது யாருடைய பழசு? எப்படிப் பழசானது?

“நாலு வெள்ளி பொம்மைக்கு இவ்ளோ யோசிக்கணுமா?” என்று கேட்கலாம். யோசிக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். வரவேற்பறையில் எதை மாட்டுகிறோம் என்பது நம்மைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும் கதையின் ஒரு பகுதி. கதைகளை விமர்சிக்கிறவர்கள் இதையும் விமர்சிக்கலாம்.

அந்தக் கோடு போட்ட உருண்டையிலிருந்து தொடங்குகிறேன். கண்ணாடி உருண்டைகளின் தாய்வீடு ஜெர்மனியின் லவுஷா என்ற மலையூர். 19ஆம் நூற்றாண்டில் அங்குள்ள குடும்பங்கள் வீட்டிலேயே கண்ணாடியை ஊதி, உள்ளே வெள்ளிக் கரைசல் பூசி விற்றன. 1880இல் உல்வொர்த் என்ற அமெரிக்க மலிவுவிலைக் கடைக்காரர் அவற்றை விற்கத் தொடங்கினார். பிறகு உலகப் போர் நெருங்கியது. ஜெர்மன் சரக்கு நின்றுபோகும் என்று கணித்த மாக்ஸ் எக்கார்ட் என்ற இறக்குமதியாளர், அமெரிக்காவின் கோர்னிங் கண்ணாடி நிறுவனத்தை நாடினார். மின்குமிழ் ஊதுவதற்காகக் கோர்னிங் உருவாக்கியிருந்த ரிப்பன் இயந்திரம் 1939இல் கிறிஸ்துமஸ் உருண்டைகளை ஊதத் தொடங்கியது. கைவினைஞர் ஒருவர் நாள் முழுக்க ஊதுவதை அது சில நிமிடங்களில் ஊதித் தள்ளியது. ‘ஷைனி பிரைட்’ என்ற பெயரில் அவை அமெரிக்க வீடுகளை நிறைத்தன.

போர் முற்றியபோது உள்ளே பூச வெள்ளி கிடைக்கவில்லை. உருண்டைகள் வெறும் கண்ணாடியாகவே வந்தன; அந்த வெறுமையை மறைக்க மேலே மெல்லிய வண்ணக் கோடுகள். உலோக மூடி போய் அட்டை மூடி வந்தது. இன்று நாம் ‘ரெட்ரோ டிசைன்’ என்று ரசிக்கும் அந்த ஒளி ஊடுருவும் கோட்டு உருண்டை ஒரு தட்டுப்பாட்டின் அடையாளம். பிளாஸ்டிக் வந்ததும் 1960களில் அந்த நிறுவனம் படுத்துவிட்டது. 2001இல் கிறிஸ்டோஃபர் ராட்கோ என்ற அலங்காரப் பொருள் வடிவமைப்பாளர் அதே பெயரில் அதே வடிவங்களை மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தார். இன்று அதன் நகல்களுக்கும் நகல்கள் இருக்கின்றன.

இந்த வரலாறு எனக்கு இரண்டைச் சொல்கிறது. ஒன்று, ‘அசல் உயர்ந்தது, நகல் தாழ்ந்தது’ என்ற வழக்கமான வாதம் இங்கே செல்லாது. அசலே இயந்திரம் துப்பிய சரக்குதான். இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். நகல் கோட்டை எடுத்துக்கொண்டது, கோடு வந்த காரணத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அன்று வெள்ளி இல்லாததால் கோடு. இன்று எல்லாமே இருக்கும்போதும் கோடு. இல்லாமை வடிவமைப்பாக மாறிவிட்டது.

பழசாக்குவது எனக்குத் தெரிந்த வேலை. மின்னணுத் தொழிற்சாலையில் ஒரு சாதனத்தை 85 டிகிரி வெப்பமும் 85 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள பெட்டிக்குள் ஆயிரம் மணி நேரம் வைப்போம். பல ஆண்டு மூப்பைச் சில வாரங்களில் ஏற்றிப் பார்க்கும் சோதனை அது. எங்கே துரு ஏறுகிறது, எந்தப் பற்றவைப்பு விடுகிறது, எந்தப் பிளாஸ்டிக் வெடிக்கிறது என்று அறிவதற்காகவே அதைச் செய்கிறோம். அலங்காரத் தொழிற்சாலையும் செயற்கையாக முதுமை ஏற்றுகிறது. அங்கே துரு என்பது ஒரு சாயம். உரிந்த ஓரம் ஒரு அச்சு. வரிசையாக அடுக்கிய இருபது பலகையிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி உரிந்திருக்கும். எங்கள் பெட்டிக்குள் போன சாதனம் தன் பலவீனத்தைச் சொல்லிவிட்டு வெளியே வரும். கடைப் பலகையின் முதுமைக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அதைத் தொட்டவர் யாருமில்லை, அது நனைந்த மழையும் இல்லை.

அடுத்து, அந்தச் சிவப்பு லாரி. அது ஓடும் காலம் 1950கள், ஓடும் இடம் அமெரிக்கக் கிராமச் சாலை. அதே ஆண்டுகளில் கூலாய் எப்படி இருந்தது? 1948 முதல் 1960 வரை மலாயாவில் அவசரகாலம். கூலாய் வட்டாரம் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களின் நடமாட்டம் மிகுந்த பகுதி. 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டம், காட்டோரம் வாழ்ந்த ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, வேலிக்குள் அடைத்துப் புதுக்கிராமங்களாக்கியது. கூலாயின் கெலாப்பா சாவிட் அப்படிப் பிறந்த ஊர்தான். தோட்டத் தொழிலாளர்களின் லயங்களையும் ஓரிடத்தில் சேர்த்து முள்வேலி போட்டார்கள். ஊரடங்கு இருந்தது. அரிசி அளந்துதான் கிடைத்தது.

நம் தாத்தா பாட்டியின் 1950கள் அவை. பேரங்காடி நமக்கு விற்கும் 1950கள் வேறொருவருடைய தாத்தாவுடையவை. பிறர் நினைவை ரசிப்பதில் தவறில்லை. வாசகர்களாகிய நாம் செய்வதே அதுதானே. டிக்கன்ஸின் லண்டன் பனியில் நடக்க நமக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அந்தப் பெட்டி ‘வேறொருவரின் காலம்’ என்று சொல்லாமல் ‘அந்தக் காலம்’ என்று சொல்வதில்தான் சிக்கல். எல்லோருக்கும் பொதுவான ஒரே அந்தக் காலம் இருந்ததுபோலவும், அதில் நம் வீட்டு முற்றத்திலும் பனி பெய்ததுபோலவும் ஒரு நம்பிக்கை மெல்லப் படிந்துவிடுகிறது.

நம்முடைய ‘அந்தக் காலம்’ ஏன் கடைக்கு வரவில்லை? தோட்டத்துக் கிறிஸ்துமஸை நினைவு வைத்திருக்கும் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டால் காரணம் புரியும். மரத்துக்குச் சவுக்குக் கிளை. பனிக்கு இலவம் பஞ்சு. ஜிகினாவுக்குச் சிகரெட் பெட்டியின் ஈயத்தாள். தோரணத்துக்குப் போன வருஷம் வந்த வாழ்த்து அட்டைகள். குடிலுக்குச் சாக்கும் காய்ந்த லாலாங் புல்லும். வாசலுக்கு மூங்கில் நட்சத்திரம். ஜனவரியில் சவுக்கு காய்ந்து உதிரும், நட்சத்திரத்தின் தாள் மழையில் கிழிந்திருக்கும், எல்லாவற்றையும் கூட்டிக் கொளுத்திவிடுவார்கள். எதையும் எடுத்து வைக்கவில்லை. எடுத்து வைக்க லயத்து வீட்டில் பரணும் இல்லை. தப்பித் தவறி வைத்தாலும் இந்த ஈரத்திலும் கரையானிலும் என்ன மிஞ்சும்? பழம்பொருள் என்று ஒன்று இருந்தால்தானே அதற்கு நகல் வரும்.

தமிழ் வீடுகளில் பழமையைக் காக்க இரண்டு வழிகள் இருந்திருக்கின்றன. ஒன்று கொலு. பொம்மைகளை வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, ஆண்டுக்கொருமுறை இறக்கி, மூக்கு உடைந்த செட்டியாரையும் சாயம் போன மரப்பாச்சியையும் அப்படியே படியில் ஏற்றுவது. கூடவே புதுப் பொம்மை ஒன்றாவது வாங்குவார்கள். அது பளபளவென்றுதான் இருக்கும். பழசுக்குப் பக்கத்தில் பழசுபோல் நடிக்காது. முப்பது வருஷம் பெட்டிக்குள் போய்வந்தால் அதுவும் தானாகப் பழசாகும்.

இன்னொரு வழி தோரணம். குருத்தோலையை ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் கிழித்துப் பின்ன வேண்டும். விழா முடிந்தால் அது சருகு. கோலமும் அப்படித்தான். இவற்றில் பொருள் பழசாவதில்லை. செய்யும் முறைதான் பழசு. கையிலிருந்து கைக்குப் போகிறது, அவ்வளவுதான்.

தோட்டத்து மூங்கில் நட்சத்திரம் இந்த இரண்டாவது வகை. ஐந்து குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால் ஒரு நட்சத்திரம். அதுபோல் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் கட்ட வேண்டும். பிறகு நடுவில் குச்சிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும் விரல் நீளத் துண்டு ஒன்றைச் செருகினால், தட்டையாக இருந்தது உப்பி எழுந்துகொள்ளும். ஆணி வேண்டாம். வளைந்த மூங்கில் தன் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும் விறைப்பே எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும். பிலிப்பீன்ஸ்காரர்களின் பரோல் விளக்கிலும் இதே கட்டமைப்புதான். நல்ல பொறியியல். எந்தப் பெட்டியிலும் இதைச் செய்யும் முறை அச்சாகி வருவதில்லை.

‘விண்டேஜ்’ அலங்காரம் இந்த இரு வழியிலும் சேராது. கொலுபோல் அதை யாரும் காத்து வைக்கவில்லை. தோரணம்போல் யாரும் மறுபடி செய்யவுமில்லை. காத்திருத்தல், கற்றுக்கொள்ளுதல் என்ற இரண்டு உழைப்பையும் தவிர்த்துவிட்டு, அவற்றால் கிடைக்கும் தோற்றத்தை மட்டும் அது விற்கிறது. அதன் மேல் எனக்குள்ள விமர்சனம் இவ்வளவுதான்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது, கிறிஸ்துமஸே வெளியிலிருந்து வந்ததுதானே, இதில் நம்முடையது எது என்பது. நியாயம்தான். சவுக்கில் ஒட்டிய பஞ்சும் வேறொரு நாட்டுப் பனியின் நகல்தான். நகலெடுப்பது கிறிஸ்துமஸ் அலங்காரத்தின் பிறவிக்குணம். 1223இல் இத்தாலியின் கிரெச்சோ ஊரில் அசிசியின் பிரான்சிஸ் அமைத்த குடில், பெத்லகேமின் மறுஆக்கம். ஆனால் அவர் பெத்லகேமிலிருந்து பழைய வைக்கோலை வரவழைக்கவில்லை. அந்த ஊர்த் தீவனம், அந்த ஊர் மாடு, அந்த ஊர்க் கழுதை. தூரத்துக் கதையைக் கையில் கிடைத்ததைக் கொண்டு சொன்னார். லாலாங் புல்லில் குடில் போட்ட தோட்டக்காரரும் அதையே செய்தார். நகலில் நல்லது எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. “அன்னிக்கு வாங்க காசில்ல, அதனால செஞ்சாங்க. இன்னிக்கு இருக்கு, வாங்குறோம். உனக்கென்ன?” தாமான் வீட்டில் வார நாள் முழுக்க வேலைக்குப் போய்வரும் பெண்ணிடம் போய் மூங்கில் பிளக்கச் சொல்வது அபத்தம். ஈயத்தாள் ஒட்டிய அந்த மனிதரிடம் அன்றே கண்ணாடி உருண்டையைக் கொடுத்திருந்தால் சந்தோஷமாக வாங்கி மாட்டியிருப்பார். இல்லாமையைப் புனிதமாக்குவது வசதி வந்தவர்களின் பொழுதுபோக்கு என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. பளபளக்கும் புது உருண்டையை வாங்குங்கள். வருஷா வருஷம் அதையே எடுத்து மாட்டுங்கள். கீறலை உங்கள் பிள்ளைகள் போடட்டும். கீறலைச் சேர்த்து விலைக்கு வாங்குவதுதான் எனக்குப் புரியவில்லை.

இதை ஓர் இலக்கிய இதழில் எழுத இன்னொரு காரணமும் உண்டு. தோட்டத்தைப் பற்றி என் தலைமுறை எழுதும் கதைகளிலும் இதே சரக்கைப் பார்க்கிறேன். மங்கு, பால்வாளி, பெரட்டுக்களம், மண்ணெண்ணெய் விளக்கு, முனியாண்டி கோயில், கள்ளுக்கடை. எல்லாம் சரியான இடத்தில் தொங்கும். எல்லாக் கதையிலும் ஒரே இடத்தில் உரிந்திருக்கும். மூத்த எழுத்தாளர்களிடம் இந்தப் பொருள்கள் காரணத்தோடு வந்தன. பால்வாளிக்கு எடை இருந்தது, அந்த எடையால் ஒரு தோள் வலித்தது. நாம் அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டோம், வெள்ளி இல்லாமல் போன கதையை விட்டுவிட்டோம். ரப்பர் மரத்தைத் தொட்டிராதவர்கள் தோட்டத்தை எழுதக் கூடாது என்பதில்லை. பிரான்சிஸும் பெத்லகேமில் பிறந்தவரில்லை. எழுதும்போது நம் கையில் இருக்கும் வைக்கோல் எது என்பதுதான் கேள்வி. ஜொகூர் பிரீமியம் அவுட்லெட்ஸ் 2011இல் கூலாயில் திறந்தது. கெந்திங் பிளான்டேஷன்ஸ் என்ற தோட்ட நிறுவனமும் சைமன் என்ற அமெரிக்க வணிக வளாக நிறுவனமும் சேர்ந்து நடத்தும் இடம் அது. தோட்டம் எங்கே போனது, யார் கையில் என்னவாக மாறியது என்பதற்கு இதைவிட நல்ல கதைக்களம் நமக்கு வேண்டுமா? அங்கே டிசம்பரில் விற்பனைக்கு நிற்கும் பிள்ளைகள் யார், அவர்களின் பாட்டி எங்கே வேலை செய்தார் என்று தொடங்கினால் மங்கு தானாகவே, தன் எடையோடு உள்ளே வரும்.

மூங்கிலை எந்தக் கணுவில் பிளக்க வேண்டும், தாளை ஒட்டக் கஞ்சிப் பசையா மரவள்ளி மாவா, மழையில் கிழியாதிருக்க என்ன செய்தார்கள் என்று தெரிந்தவர்கள் இன்னும் நம் தாமான்களில் இருக்கிறார்கள். பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களுக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. சொல்ல முடியும், செய்து காட்ட இன்னொரு கை வேண்டும்.