கப்பல் பட்டியலில் அவர் மரியாயியா, மாரியாயியா?

1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்துக்கு வந்த ட்ரூரோ கப்பலில் ஆரம்பித்து 1911 வரை, நேட்டால் காலனிக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்கள் 1,52,184 பேர். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகக் கப்பல் ஏறியவர்கள். ஆளுக்கு ஒரு வரி: காலனி எண், பெயர், தகப்பன் பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். அவ்வளவுதான். பலரைப் பற்றி அவர்கள் சந்ததிக்குக் கிடைக்கும் முதல் காகிதம் இதுதான்; சிலருக்கு ஒரே காகிதமும் இதுதான்.

இந்தப் பட்டியலை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு விமர்சிக்கலாம் என்று தோன்றியது. ஒரு நாவலை யார் எழுதினார், யாருக்காக எழுதினார், எங்கே சறுக்கினார் என்று கேட்கிறோம். அதே கேள்விகளை இங்கேயும் கேட்கலாம். கேட்காமல் படிப்பதால்தான் இத்தனை குழப்பம். இணையத்தில் சுற்றும் பெயர் விளக்கங்களில் இரண்டு வகையைப் பார்க்கிறேன். ஒன்று, குமாஸ்தாவுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் எழுத்துப்பிழை என்று கையை விரிப்பது. இன்னொன்று, இந்த எழுத்துக்கூட்டு என்றால் இந்தச் சாதி, இந்த ஊர் என்று வாய்ப்பாடு ஒப்பிப்பது. எனக்கு இரண்டாவதுதான் அதிக ஆபத்தாகப் படுகிறது. முதலாவது ஆள் தேடலையே விட்டுவிடுவார். இரண்டாவது ஆள் டிக்கெட் எடுத்துத் தப்பான ஊருக்குப் போய் இறங்குவார்.

முதலில் பிழை என்ற பேச்சு. எழுதியவர் பிழை விடவில்லை, தன் காதுக்குக் கேட்டதைத் தன் மொழியின் ஒலிவழக்கில் எழுதினார். அந்த வழக்கு பிடிபட்டால் பாதிப் பெயர்கள் தானாகத் திறக்கும். ஆங்கிலத்தில் யு, எம் என்று முடிந்தால் அது 'அம்'. ட்ரம், கம் என்றுதானே படிக்கிறோம்? அதனால் பட்டியலில் 'மாணிக்கும்' மாதிரித் தெரிவது மாணிக்கம்தான், 'ஆர்மூகும்' ஆறுமுகம்தான். டபுள் ஓ நமக்கு உகரம்: கூப்பூசாமி என்பது குப்புசாமி, மூட்டூ என்பது முத்து. இ, என் என்று முடிவது நம் 'அன்': கூப்பென் குப்பன், கர்பென் கருப்பன், சூப்ராயென் சுப்பராயன். நடுவில் வரும் ஆர் பல இடங்களில் ரகரமே இல்லை, முன்னால் உள்ள உயிரை நீட்டுவதற்கு மட்டும் வந்தது. மொரீசியஸில் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தவரின் பெயரைப் பாருங்கள்: பார்லன் வையாபுரி. அந்தப் பார்லன் பாலனாக இருக்கலாம் என்பது என் ஊகம். வையாபுரி பழனிக்கே இன்னொரு பெயர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ரீயூனியன், குவாதலூப், மார்த்தினீக் தீவுகளில் வழக்கு வேறு. அங்கே உகரத்துக்கு ஓ, யு. குவாதலூப் அரசியல்வாதி எர்னஸ்ட் மூதுசாமியின் பெயரில் எஸ் இரண்டு தடவை வரும். பிரெஞ்சில் இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றை எஸ் வந்தால் 'ஸ' மாறி ஆங்கில இசட் ஒலி வந்துவிடும், அதைத் தடுக்கத்தான் இரட்டை. எழுதியவர் ஒலியை எவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறார் என்பதற்கு இது சாட்சி. அவரைப் போய் அலட்சியக்காரர் என்கிறோம்! வீரப்பன் அங்கே 'விரப்பின்' ஆனதும் அப்படித்தான். நம் கடைசி 'ன்' அவர் காதில் மூக்கொலியாக விழுந்திருக்கிறது.

உண்மையான பிழைகள் வேறு இடத்தில் வருகின்றன. ஒருவர் சொன்னார், ஒருவர் கேட்டு எழுதினார், மூன்றாமவர் நகல் எடுத்தார், நூறு வருஷம் கழித்து நாலாமவர் கணினியில் ஏற்றினார். கூட்டெழுத்தில் எம், யு, என், ஐ எல்லாமே குட்டிக் குட்டிச் செங்குத்துக் கோடுகள். முனியன் என்ற பெயரில் இந்த நாலும் அடுத்தடுத்து வருகின்றன. புள்ளி ஒன்று தவறினால் மூமென், மினியென் என்று இல்லாத பெயரெல்லாம் பிறக்கும். விசித்திரமான பெயர் ஒன்று கண்ணில் பட்டால் அகராதியைத் தேடுவதற்கு முன் மூலப் பக்கத்தின் படத்தைத் தேடுங்கள். அந்தக் கையெழுத்துக்காரர் வேறு வரிகளில் எம்மை எப்படிப் போட்டிருக்கிறார் என்று பாருங்கள்.

சரி, எழுத்தைக் கூட்டிவிட்டோம். இனிதான் விஷயமே. சரியாகப் படித்த பிறகும் விசித்திரமாக இருக்கும் பெயர்கள் நிறைய. குப்பன், குப்பம்மாள், பிச்சை, மூக்கன், மண்ணாங்கட்டி. டர்பனில் வளர்ந்த பேத்திக்கு இதை அப்படியே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்னால் முகம் சுருங்கும். யாரோ வெள்ளைக்கார அதிகாரி அவமானப்படுத்த வைத்த பெயர் என்றுதான் நினைப்பாள். அப்படி இல்லை, வைத்தது பெற்றவர்களே. முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனால், அடுத்த குழந்தையைக் குப்பையில் ஒரு தரம் போட்டு எடுத்துக் குப்பன், குப்பாயி என்று பெயர் வைப்பார்கள். எமன் பார்த்தாலும், குப்பைதானே என்று விட்டுவிட்டுப் போகட்டும் என்று. பிச்சை என்றால் சாமியிடம் பிச்சையாகக் கேட்டு வாங்கிய பிள்ளை. மூக்கன், மூக்காயி என்றால் அதே பயத்தில் மூக்குக் குத்தி வளர்த்த பிள்ளை.

வம்சாவளி தேடுகிறவருக்கு இது சும்மா சுவாரசியமான தகவல் மட்டுமில்லை. பட்டியலில் இடம்பெறாத, எந்த ரிஜிஸ்டரிலும் ஏறாத, பிறந்து செத்த அண்ணன் அக்காக்கள் அந்தக் குடும்பத்தில் இருந்தார்கள் என்பதற்குக் குப்பன் என்ற ஒற்றைச் சொல்தான் சான்று. ஆனால் இங்கேயும் ஒரு நிதானம் வேண்டும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம் (பேரன் என்ற சொல்லே பெயரன்தானே). எனவே குப்புசாமி என்ற பெயரில் ஒளிந்திருக்கும் சாவு அவருக்கு இரண்டு தலைமுறை முன்னால் நடந்ததாகவும் இருக்கலாம். தகப்பன் பெயர்ப் பத்தி நேர் முந்தைய தலைமுறையைத்தான் காட்டும், அதற்கு மேலே காட்டாது.

இன்னொரு பெயர், பாவாடை. ஆண்களுக்கு வைக்கும் பெயர். இன்றைக்குச் சென்னையில் சொன்னாலே சிரிப்பார்கள். சாமிக்கு முன் சோற்றைப் படைக்க விரிக்கும் துணிக்கும் பாவாடை என்றுதான் பெயர். மேல்மலையனூர் அங்காளம்மனுக்குக் காவலாக நிற்கும் பாவாடைராயனும் இருக்கிறார். பழைய தென் ஆற்காடு ஜில்லாவில் இந்தப் பெயர் வெகு சாதாரணம். ஆகவே கிராமத்தின் பெயர் சிதைந்து போயிருந்தாலும், பாவாடை என்று ஒருவர் இருந்தால் நான் முதலில் செஞ்சி, திண்டிவனம் பக்கம்தான் தேடிப் பார்ப்பேன். இது முடிவில்லை, முதல் கதவு.

ஆனால் எல்லாவற்றையும் தமிழாக்கிப் படிப்பது நம்மவர்களுக்கு உள்ள வியாதி. நேட்டாலில் 'அப்பால்சாமி' என்ற குடும்பப் பெயர் உண்டு. அப்பளத்தோடு சம்பந்தப்படுத்துகிறவர்களும் இருக்கலாம்! ஆளோ பெரும்பாலும் விசாகப்பட்டினம் பக்கத்துத் தெலுங்கர். சிம்மாசலம் நரசிம்மரை அங்கே அப்பன்னா என்று கூப்பிடுவார்கள். அப்பலசாமி, அப்பலம்மா எல்லாம் அந்தச் சாமியின் பெயர்கள். சிம்மாசலம் என்ற ஊர்ப்பெயரே அங்கே ஆள்பெயராகவும் வரும். சென்னை வழியாகப் போனவர்களில் தெலுங்கர்கள் கணிசம் என்பதை மறந்துவிட்டு ஆராய்ச்சி செய்யக்கூடாது. ஜில்லா வட ஆற்காடு என்று இருந்தாலும் கதை முடியவில்லை. 1911 வரை சித்தூர் வட்டாரமும் அதில்தான் இருந்தது. இன்றைய வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் மட்டும் தேடினால் பாதி நிலம் விட்டுப்போகும்.

நாகூரான் என்று ஒரு பெயர். பார்த்ததும் முஸ்லிம் என்று எழுதிவிடுகிறார்கள். நாகூர் தர்காவுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளைக்கு அந்தப் பெயர் வைத்த இந்துக் குடும்பங்கள் காவிரிக் கரையில் ஏராளம். சாதிப் பத்தியையும் தகப்பன் பெயரையும் சேர்த்துப் பார்க்காமல் மதத்தைத் தீர்மானிக்க முடியாது.

சாதிப் பத்தி என்றதும் வாய்ப்பாட்டுக்காரர்கள் உற்சாகமாகிவிடுவார்கள். தென்னாப்பிரிக்காவில் மிகப் பரவலான 'கவெண்டர்' என்பது கவுண்டரின் திரிபு என்று சொல்லப்படுகிறது. அது பொருத்தமாகவே படுகிறது. ஆனால் அங்கிருந்து ஒரே தாவலில் கோயம்புத்தூருக்குப் போகிறார்கள். வட ஆற்காட்டிலும் சேலத்திலும் வன்னியர்களுக்குக் கவுண்டர் பட்டம் உண்டே? அதே வன்னியர்கள் தென் ஆற்காட்டில், தஞ்சாவூரில் படையாட்சி. நேட்டாலில் படையாச்சி தனிக் குடும்பப் பெயர், கவெண்டர் தனிக் குடும்பப் பெயர்; இரண்டு பேரும் தங்களுக்குள் சம்பந்தமில்லாதவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். ஊரில் பட்டமாக இருந்ததை நிரந்தரக் குடும்பப் பெயராக இறுக்கியது காலனியின் காகிதம். மூட்லி என்று முதலியும், பிள்ளையும், நாயுடுவும் அப்படித்தான் நின்றுபோயின. குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு பின்னோக்கிச் சாதி சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பட்டியலின் அந்த வரியில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

அந்த வரியிலும் பொறி இருக்கிறது. ட்ரூரோ பட்டியலின் சாதிப் பத்தியில் மலபார், ஜென்டூ, கிறிஸ்தவர் என்றெல்லாம் காணலாம். இதில் மலபார் என்பது கேரளம் இல்லை. அந்தக் காலத்து ஐரோப்பியர் வழக்கில் தமிழருக்கு மலபார், தெலுங்கருக்கு ஜென்டூ. ரீயூனியனில் தமிழ் வம்சாவளியினர் இன்றைக்கும் மல்பார்தான். இதைத் தெரியாமல் கோழிக்கோட்டில் கொள்ளுத்தாத்தாவைத் தேடினால் அவர் எப்படி அகப்படுவார்?

கத்தோலிக்கப் பெயர்கள் தனி உலகம். ராயப்பன் என்றால் பேதுரு, அருளப்பன் யோவான், சூசை யோசேப்பு, சவரிமுத்து சவேரியார். சின்னப்பன்தான் சிக்கல்: கத்தோலிக்கர் வாயில் அது புனித பவுல், மற்றவர் வாயில் வெறும் சின்ன அப்பன். ஆங்கில எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை.

இந்த வகையில் எனக்குப் பிடித்த புதிர் ஒன்று. ஒரு வரியில் பெயர் 'மரியாயி' என்று கூட்டிப் படிக்கும்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெண், வயது 22, ஜில்லா தஞ்சாவூர். ஆங்கிலத்தில் ஏ ஒன்றுதான், அது குறிலா நெடிலா என்று காட்டாது. குறில் என்றால் மரியாயி, மாதாவின் பெயர். நெடில் என்றால் மாரியாயி, மாரியம்மன். ஒரு மாத்திரையில் மதமே மாறுகிறது. கேள்வி கேட்காமல் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து வம்ச மரத்தில் எழுதிவிடுகிறார்கள், பெரும்பாலும் இன்றைக்குத் தங்கள் குடும்பம் எந்த மதமோ அதையே.

தகப்பன் பெயர்ப் பத்தியில் ராயப்பன் என்று இருந்தால் தராசு ஒரு பக்கம் சாயும். முனியன் என்று இருந்தால் மறுபக்கம். சின்னப்பன் என்று இருந்தால்? அப்போது பட்டியலை மூடி வைத்துவிட்டுக் காலனி எண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெயர் பத்து விதமாக மாறினாலும் அந்த எண் மாறாது. கல்யாணம், பிரசவம், சாவு எல்லாப் பதிவிலும் அந்த எண்தான் ஆளை அடையாளம் காட்டும். பிள்ளைகள் பெயர் கிடைத்தால் இன்னும் நல்லது. டர்பனில் இந்தியக் கத்தோலிக்கர்களிடையே வேலை செய்தவர் ழான் பாப்டிஸ்ட் சபோன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். ஜாய் பிரெய்ன் 1983-இல் நேட்டால் கிறிஸ்தவ இந்தியர்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். ஞானஸ்நானப் பதிவேட்டில் தாயின் பெயராக அந்தப் பெண் வந்தால் மரியாயி என்று தைரியமாக எழுதலாம். வராவிட்டால் மாரியாயி என்று ஆகிவிடாது, பதிவேடு தொலைந்திருக்கலாம், தோட்டம் கோயிலுக்கு எட்டாத தூரத்தில் இருந்திருக்கலாம். அதுவரை மரத்தில் இரண்டு பெயரையும் சாய்கோடு போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள், காலனி எண்ணோடு.