கருகிய காயிலும் மாற்று டயாபிரமும்

ஆடி பிறந்து அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கத் தொடங்கியதும், பூந்தமல்லியை அடுத்த பாரிவாக்கம் போன்ற ஊர்களில் மைக் செட்காரர்களுக்கு ஓய்வு ஒழிவு இராது. அந்த நெருக்கடியில்தான், நேற்றுவரை நாதஸ்வரத்தின் பிருகாக்களைத் துல்லியமாக எடுத்துக்காட்டிய ஒலிபெருக்கிப் பெட்டி, சளி கட்டிய தொண்டைபோல் மந்தமாகி, பாஸ் மட்டும் முழங்க, அறிவிப்பாளர் சொல்வது இன்னதென்றே விளங்காமற் போகும். ‘யூனிட் போச்சு’ என்று, பெட்டியில் உயர்சுருதிகளை எழுப்பும் முழு யூனிட்டையும் மாற்றச் சொல்வோர் உண்டு. பெரும்பாலும் போவது அதனுள்ளிருக்கும் டயாபிரம் மாத்திரமே. ஆகையால் அந்த மாற்று டயாபிரத்தையே பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டேன்.

பரிசோதித்தது ஜேபிஎல் 2426 என்ற யூனிட். 1926-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வென்ட், துராஸ் என்ற இருவர் பேசும்படத்திற்காக உருவாக்கிய 555 என்னும் யூனிட்டின் தத்துவம்தான் இதிலும்: டயாபிரம் என்ற மெல்லிய உலோகத் தகடு அதிர்ந்து, குறுகிய வாயில் காற்றை நெருக்கி, குழல்வழியே வெளியே தள்ளுகிறது. இதில் அத்தகடு டைட்டானியம். அதைச் சுற்றி 44 மில்லிமீட்டர் விட்டமுள்ள காயில்.

கழற்றுமுன் மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பது அவசியம். 8 ஓம் காயில் நலமாயிருந்தால் அதைவிடச் சற்றுக் குறைந்த எண் தெரியும்; முள் அசையாவிட்டால் அறுந்தது நிச்சயம். எண் சரியாகவே இருந்தும் ஒலி வராவிடில், குற்றவாளி, பெட்டிக்குள் தாழ்சுருதியையும் உயர்சுருதியையும் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவரின் கண்டன்சராகவோ, காப்புக்கென்று அதில் வைத்த சிறு பல்பாகவோ இருக்கலாம். நான் திறந்த யூனிட்டில் ஐயத்திற்கே இடமில்லை. மூடியை எடுத்ததுமே கருகிய வார்னிஷ் நெடி எழுந்தது, காயில் ஓரிடத்தில் கறுத்துப் பிரிந்து நின்றது.

மாற்றுவது கடினமன்று, பொறுமை வேண்டும். காந்தம் திருப்புளியைச் சட்டென்று இழுத்துப் புதுத் தகட்டைக் கிழித்துவிடக்கூடுமாதலால் கையை இறுக்கிப் பிடிக்க வேண்டும். காந்த இடைவெளியில் ஒட்டியிருக்கும் கரியையும் இரும்புத் துகளையும் மடித்த ஒட்டுநாடாவை நுழைத்து எடுக்க வேண்டும். பிறகு மெல்லிய ஒலியொன்றைச் செலுத்தியபடியே திருகுகளைச் சிறிது சிறிதாக மாற்றி மாற்றி முடுக்க, உரசலின் கரகரப்பு நீங்கிச் சுத்தமான நாதம் வருமிடத்தில் நிறுத்த வேண்டும்.

ரிச்சி தெருப் பக்கம் மலிவான பிரதிகளும் கிடைக்கின்றன. ஒன்றைப் பொருத்திக் கேட்டேன்: பேச்சுக்குக் குறையில்லை, ஆனால் ஜால்ராவும் ‘ஸ’கரமும் கூசின. அசல் விலை அதிகமே. எனினும் இரண்டு பெட்டியில் ஒன்று அசலும் மற்றொன்று பிரதியுமாக நிற்பது காதுக்கு உபத்திரவம். இன்னொன்று, 2426-இன் பெயரோடு வரும் எச் என்பது 8 ஓம், ஜே என்பது 16 ஓம். எட்டுக்குப் பதில் பதினாறைப் போட்டால், கிராஸ்ஓவரின் பிரிப்புக் கீழிறங்கி, தாங்கவொண்ணாத் தாழ்சுருதிகளும் தகட்டிற்குள் புகும்.

காயிலைக் கொல்வது பெரும்பாலும் பெரிய ஆம்பிளிஃபையர் அன்று, சக்திக்கு மீறி முடுக்கப்பட்ட சிறியதே. அலையின் தலை வெட்டுண்டு, அதனால் எழும் மிகை ஆற்றல் வெப்பமாக உயர்சுருதிப் பகுதியில் வந்து விழுகிறது. அசல் டயாபிரத்தை வாங்கலாம், கைப்பழக்கமுள்ளவர் வீட்டிலேயே மாற்றலாம். ஆனால் ஆம்பிளிஃபையரில் கிளிப் என்ற சிவப்பு விளக்கு நின்று எரிய விடுபவர்களுக்கு எந்த டயாபிரத்தையும் சிபாரிசு செய்வதற்கில்லை.