போனை மாற்றுவதா, பற்றரியை மாற்றுவதா? சுவிசில் ஃபேர்போன் 6

2025 முடிவோடு சுவிஸ்கொம் தன் 3ஜி வலையமைப்பை நிறுத்தியது. 2ஜி அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே போய்விட்டது. வைஃபை அழைப்பை விட்டுவிட்டால், இனி ஒரு அழைப்பு 4ஜி அல்லது 5ஜி வழியாகத்தான் போகவேண்டும். அதற்குப் போனில் வோல்ட்டி என்ற வசதி இருக்கவேண்டும். அது இருந்தால் மட்டும் போதாது, அந்த மொடலை நம் தொலைபேசி நிறுவனம் ஏற்றுக்கொண்டிருக்கவும் வேண்டும். கொழும்பிலிருந்தோ துபாயிலிருந்தோ யாராவது வாங்கிவந்து கொடுத்த போன்களில்தான் இந்தச் சிக்கல் அதிகம். வட்ஸ்அப் வேலை செய்யும், யூடியூப் ஓடும், ஆனால் அவசரத்துக்கு அம்புலன்சின் 144 ஐ அழைத்தால் போகாமல் நிற்கலாம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதை இன்றைக்கே பாருங்கள். வைஃபையை அணைத்துவிட்டு ஒரு அழைப்பு எடுங்கள். மணி அடிக்கும்போதும் மேலே 4ஜி அல்லது வோல்ட்டி அடையாளம் நின்றால் கவலையில்லை. அழைப்பே போகாவிட்டால் அந்தப் போனுக்கு இந்த நாட்டில் காலம் முடிந்துவிட்டது.

புதுப் போன் வாங்கவேண்டுமா என்று கேட்பவர்களிடம் நான் கமராவைப் பற்றிக் கதைப்பதில்லை. முதலில் இந்த அழைப்புச் சோதனை. அடுத்து, பாதுகாப்புப் புதுப்பிப்பு இன்னும் வருகிறதா? ஐபோன் 8 உம் ஐபோன் 10 உம் ஐஓஎஸ் 16 ஐத் தாண்டவில்லை. 2019இல் வந்த ஐபோன் 11 ஐஓஎஸ் 26 ஐயும் ஏற்கிறது. 2025இல் ஐஓஎஸ் 15.1 இற்குக் கீழே உள்ள ஐபோன்களையும், அண்ட்ராய்ட் 5 இற்குக் கீழே உள்ள போன்களையும் வட்ஸ்அப் கைவிட்டது. வங்கிச் செயலிகள் இதைவிடக் கண்டிப்பானவை. புதுப்பிப்பு நின்ற போனில் வங்கிக் கணக்கை வைத்திருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கடைசியாகப் பற்றரி. சுவிஸ் குளிரில் பழைய லித்தியம் பற்றரி படும் பாடு நமக்குத் தெரியும். 30 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் தரிப்பிடத்தில் திடீரென்று அணைந்துவிடும். சுவிஸ் ரயில்வேயான எஸ்பிபியின் செயலியில் ஈசிறைட் மூலம் பயணம் செய்பவருக்கு அது பயணச்சீட்டு இல்லாமல் போவதற்குச் சமம். பரிசோதகர் வந்தால் பற்றரி கதை எடுபடாது. ஆனால் பற்றரி மட்டும்தான் பிழை என்றால் பற்றரியைத்தான் மாற்றவேண்டும். அதற்காக 900 பிராங் கொடுத்துப் புதுப் போன் வாங்குவது காசைக் கரியாக்கும் வேலை.

மாற்றியே ஆகவேண்டியவர்களுக்காகத்தான் ஃபேர்போன் 6 ஐக் கையில் எடுத்தேன். அம்ஸ்ரர்டாமைச் சேர்ந்த இந்த நிறுவனம் 2013இல் தொடங்கியது. 2025 யூன் 25 இல் வெளிவந்த இந்த ஆறாவது தலைமுறைப் போனின் ஐரோப்பிய விலை அப்போது 599 யூரோ. 6.31 அங்குலத் திரை, 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி சேமிப்பிடம், 4415 எம்ஏஎச் பற்றரி. எடை 193 கிராம். ஒரு கையால் பிடித்துத் தட்டெழுதலாம். இன்றைய பெரிய போன்களுக்குப் பழகிய கைக்கு இது ஒரு ஆறுதல்.

பெட்டியில் சார்ஜர் இல்லை, வயரும் இல்லை. வாங்கும்போது அதை நினைவில் வைத்திருங்கள்.

இதன் பெருமை பின்பக்கத்தில் இருக்கிறது. கீழ் மூலைகள் இரண்டிலும் கண்ணுக்குத் தெரியும் சிறு திருகுகள். டி5 திருப்புளி ஒன்று போதும். அவற்றைக் கழற்றினால் மூடி வந்துவிடும். சூடு காட்டத் தேவையில்லை, பசை உரிக்கத் தேவையில்லை. உள்ளே பற்றரியும் திருகுகளில்தான் நிற்கிறது. முந்தைய ஃபேர்போன்களில் நகத்தால் கிளப்பிப் பற்றரியை எடுக்கலாம், இதில் அவ்வளவு சுலபமில்லை. ஆனாலும் சமையலறை மேசையில் வைத்துப் பொறுமையாகச் செய்துவிடக்கூடிய வேலை. திரை, சார்ஜ் துளை, கமரா என்று 12 பாகங்கள் தனித்தனியாக வாங்கக் கிடைக்கின்றன. போன் வெளிவந்தபோது பற்றரி சுமார் 40 யூரோ, திரை சுமார் 90 யூரோ. திருத்துவது எவ்வளவு எளிது என்று போன்களுக்குப் புள்ளி போடும் ஐஃபிக்சிற் இதற்குப் பத்துக்குப் பத்து கொடுத்திருக்கிறது. திரை உடைந்தால் பழுதுபார்க்கும் கூலியைக் கேட்டுவிட்டு, அதற்குப் புதிதே வாங்கலாம் என்று திரும்பிவந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

5 வருட உத்தரவாதம் உண்டு. மென்பொருள் ஆதரவு 2033 வரை. இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்கவேண்டும்: ஆதரவின் வருடக் கணக்கு போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. 2026இல் வாங்கினால் உங்களுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 7 வருடம். 599 யூரோவோடு இடையில் ஒரு பற்றரிக்கு 40 யூரோவும் சேர்த்து 7 ஆல் வகுத்தால் வருடத்துக்கு 91 யூரோ. 2025 வசந்தத்தில் வந்த கூகுள் பிக்சல் 9ஏ இன் விலை அப்போது 549 யூரோ, ஆதரவு 7 வருடம். 2026இல் வாங்கினால் 6 வருடம் மிஞ்சும். அதுவும் வருடத்துக்கு 91 யூரோவுக்குச் சற்றுக் கூடத்தான். எந்தப் போனையும் இப்படி வகுத்துப் பாருங்கள். கழிவு விலையில் அடுக்கியிருக்கும் போன வருட மொடல்கள் பல இந்தக் கணக்கில் விலை கூடியவையாகத் தெரியும்.

பிக்சலா ஃபேர்போனா என்று கேட்டால், படம் எடுப்பதுதான் முக்கியம் என்பவர் பிக்சலை வாங்கட்டும். பேர்ண் ஐரோப்பாப் பிளாட்சில் உள்ள பல்சமய இல்லத்தில், ஞானலிங்கேச்சுரர் கோவில் தீபாராதனையை மங்கிய வெளிச்சத்தில் எடுப்பதற்கு அதுதான் கெட்டிக்காரப் போன். தண்ணீருக்கும் அது கூடத் தாங்கும்: பிக்சல் ஐபி68, ஃபேர்போன் ஐபி55. ஃபேர்போன் மழைக்கு நிற்கும், ஏரியில் விழுந்தால் நிற்காது. வயர் இல்லாமல் சார்ஜ் ஏற்ற முடியாது, ஹெட்போன் துளையும் இல்லை. விளையாட்டுப் பிரியர்களான பிள்ளைகளுக்கு இதன் புரொசெசர் போதாது. மறுபக்கம், மெமரி கார்ட் போடும் இடம் ஃபேர்போனில் உண்டு, பிக்சலில் இல்லை. சாமத்திய வீடு, கலியாணம், பிறந்தநாள் என்று எதையும் அழிக்க மனம் வராத நம் வீடுகளுக்கு அது பெரிய வசதி.

இன்னொன்றும் எனக்குப் பிடித்திருந்தது. ஃபேர்போனின் பக்கவாட்டில் பச்சையாக ஒரு சிறு நகர்த்தி இருக்கிறது. அதைத் தள்ளினால் வழமையான திரை மறைந்து, நாம் தெரிந்தெடுத்த சில செயலிகளின் பெயர்கள் மட்டும் பெரிய எழுத்தில் நிற்கும். கவனம் சிதறாமல் இருப்பதற்கென்று நிறுவனம் இதைச் செய்திருக்கிறது. நான் அதில் கண்ட பயன் வேறு. அம்மாவின் கையில் கொடுக்கும்போது தொலைபேசி, வட்ஸ்அப், கமரா மட்டும் அங்கே வைத்துவிட்டால் அவர் வேறெங்கும் போய்ச் சிக்கமாட்டார். ஜிபோர்ட் விசைப்பலகையில் இலங்கைத் தமிழையும் தெரிந்தெடுத்து ஒலிவாங்கியைத் தொட்டால், நிதானமாகக் கதைப்பதை அது எழுத்தாக்கும். ஆனால் அம்மாவுக்கு வட்ஸ்அப்பும் தேவாரமும்தான் தேவை என்றால் 599 யூரோ வேண்டியதில்லை. மிக மலிவான சாம்சுங் கலக்ஸி ஏ16 இற்கும் 6 வருடப் புதுப்பிப்பு உண்டு. வேகம் குறைவு, அவ்வளவுதான்.

ஊருக்குப் போய் வருபவர்களுக்கு ஒரு சொல். ஃபேர்போனில் ஒரு சிம் துளையும் ஈசிம் வசதியும் உண்டு. சுவிஸ் இலக்கத்தை ஈசிம்மாக மாற்றிக்கொண்டு, துளையைக் கட்டுநாயக்காவில் வாங்கும் சிம்முக்கு விட்டுவிடுங்கள். வங்கி அனுப்பும் குறுந்தகவலும் வரும், யாழ்ப்பாணத்தில் டேட்டாவும் கிடைக்கும். சுவிஸ் சிம்மின் டேட்டா றோமிங்கை மட்டும் மறக்காமல் அணையுங்கள்.

எல்லை தாண்டி ஜேர்மனியில் வாங்கலாமா? 599 யூரோவில் 19 சதவீத ஜேர்மன் வரி கழிந்தால் 503 வரும். இங்கே 8.1 சதவீதம் கட்டினால் 544. அதாவது 55 யூரோ மிச்சம். 2025 ஜனவரி முதல் ஆளுக்கு 150 பிராங்குக்கு மேல் கொண்டுவந்தால் வரி கட்டியே ஆகவேண்டும், போன் அந்த எல்லையைத் தனியாகவே தாண்டிவிடும். ஏற்றுமதிப் பத்திரத்தில் முத்திரை, கடைக்குத் திரும்பவும் ஒரு பயணம், பழுதென்றால் மீண்டும் எல்லை. கொன்ஸ்ரான்ஸ் பக்கத்தில் வசிப்பவருக்குச் சரி. பேர்ணிலிருந்து இதற்கென்று ரயில் ஏறவேண்டாம். இங்கேயே வாங்குபவர்கள் அபோ என்ற மாதச் சந்தாவோடு சேர்த்துத் தவணையில் எடுத்தால், 24 மாதத்துக்கும் அபோவுக்குக் கூடுதலாகக் கொடுப்பதைக் கூட்டி, முழு விலையோடு ஒப்பிட்டபின் கையெழுத்திடுங்கள்.

மாற்றும் நாளில் பலர் தடுக்கி விழுவது வங்கியில்தான். படங்களும் வட்ஸ்அப்பும் வயர் மாட்டினால் வந்துவிடும். காசு அனுப்பும் ட்வின்ட் செயலியைப் புதுப் போனில் திரும்பவும் பதியவேண்டும். இங்குள்ள பல வங்கிகளின் உள்நுழைவுச் செயலி, பழைய போனில் உறுதிப்படுத்தினால்தான் புதியதில் திறக்கும். இல்லாவிட்டால் வண்ணப் புள்ளிகள் அச்சிட்ட கடிதம் ஒன்று தபாலில் வரும்வரை காத்திருக்கவேண்டும். அதற்குள் வாடகை கட்டும் நாள் வந்துவிடும்.

ஆகவே என் தீர்ப்பு: அழைப்பு, புதுப்பிப்பு, பற்றரி மூன்றிலும் தேறும் போனை வைத்திருங்கள். மாற்றத்தான் வேண்டுமென்றால், கமராவை இரண்டாம் இடத்தில் வைக்கக்கூடியவருக்கு ஃபேர்போன் 6 ஐத் துணிந்து சொல்வேன். பழைய போனை வங்கி, ட்வின்ட் எல்லாம் புதியதில் திறந்தபின்பே அழியுங்கள். அழித்தபின், புதுப்பிப்பு நின்ற போனாக இருந்தால் அதை ஊருக்கு அனுப்பவேண்டாம். போன் விற்கும் எந்தக் கடையிலும் கொடுக்கலாம், புதிதாக எதையும் வாங்காவிட்டாலும் அவர்கள் இலவசமாக வாங்கிக்கொள்ளவேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம்.