ரெகுலேட்டருக்கு முன்னால்

காரிலிருந்து மின்சாரம் எடுக்கும் சர்க்யூட் எதைக் கண்டாலும் என் கண் முதலில் ரெகுலேட்டருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்றுதான் தேடும். செய்தவரின் கைத்தேர்ச்சி அந்த ஓரங்குல இடத்திலேயே தெரிந்துவிடும்.

12 வோல்ட் என்பது பெயரளவுக்குத்தான். எஞ்சின் ஓடினால் 14. ஸ்டார்ட் செய்யும்போது 6 வரை இறங்கலாம். லாரி பேட்டரியைக் கொடுத்துக் கிளப்பினால் 24. இதெல்லாம் சாது. ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்போது பேட்டரி ஒயர் கழன்றால்தான் ஆபத்து. சுருளில் தேங்கிய ஆற்றல் சட்டென்று அடங்காது. உள்ளே தடுப்பில்லாத ஆல்டர்னேட்டர் என்றால் 80 வோல்ட்டையும் தாண்டி எகிறி, சில நூறு மில்லிசெகண்ட் நீடிக்கும். 7805 ரெகுலேட்டர் தாங்குவதோ 35 வோல்ட்.

ஆக 24 வந்தாலும் பாதுகாப்பு பேசாமல் இருக்க வேண்டும், 35ஐத் தொடவும் விடக் கூடாது. இந்தக் குறுகிய இடைவெளியில்தான் கலையே இருக்கிறது. மிகை வோல்ட்டை அடக்கும் 24 வோல்ட் டிவிஎஸ் டயோடு ஒன்றைப் போட்டால் போதும் என்று தோன்றும். சிறிய 600 வாட் ரகத்தில் 15 ஆம்பியர் பாய்ந்தால் அதன் முனைகளிலேயே 39 வோல்ட் நிற்கும். அவ்வளவு நேரம் தாங்கவும் செய்யாது. அதற்கு முன்னால் 100 ஓம் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்றை வைத்துப் பாருங்கள். 20 மில்லிஆம்பியர் சர்க்யூட்டில் அன்றாடம் இழப்பது வெறும் 2 வோல்ட். 80 வோல்ட் பாயும்போது மின்னோட்டம் அரை ஆம்பியர் அளவிலேயே அடங்கும். டயோடும் 30 வோல்ட்டை ஒட்டி நின்றுகொள்ளும். அடியை ரெசிஸ்டர் தன் உடம்பில் வாங்கிக்கொள்கிறது. எவ்வளவு மலிவான பொருள், எவ்வளவு பெரிய வேலை!

எல்லாவற்றுக்கும் முன்னால் ஃபியூஸ், அடுத்து ஒரு 1என்4007. ஒயரை மாற்றிக் கொடுத்தாலும், மோட்டார்கள் எதிர்த்திசையில் உதைத்தாலும் அந்த டயோடு வழிவிடாது. எனக்கு அதைவிடப் பிடித்தது அதன் இரண்டாவது வேலை. ஸ்டார்ட்டர் பேட்டரியை இழுக்கும்போது, ரெகுலேட்டர் வாசலில் இருக்கும் 1000 மைக்ரோஃபேரட் கெபாசிட்டரின் சரக்கு காருக்குத் திரும்பி ஓடாமல் காக்கிறது. அந்தச் சேமிப்பில் நம் சர்க்யூட் 100 மில்லிசெகண்டுக்கு மேல் தாக்குப்பிடிக்கும்.

காருக்கென்றே வந்த எல்எம்2940 ரெகுலேட்டர் இவற்றில் பலவற்றைத் தானே பார்த்துக்கொள்ளும். 60 வோல்ட் அதிர்ச்சியையும் தலைகீழ் இணைப்பையும் தாங்கும். வெளியீட்டில் 22 மைக்ரோஃபேரட்டுக்குக் குறையாத, பொருத்தமான கெபாசிட்டர் இல்லாவிட்டால் மட்டும் அலைபாயும். நல்ல சில்லுதான். ஆனாலும் ஒவ்வொரு உறுப்பும் ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்டால் பதில் சொல்லும் 7805 சர்க்யூட்டே என் தேர்வு.