குறிப்பறியும் வண்டி

கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் இடையே தேயிலைத் தோட்டங்களின் ஊடாகச் செல்லும் மண்பாதைகளில் நடந்து பழகியவர்களுக்கு அவற்றின் சுபாவம் நன்றாகத் தெரியும். சற்று தூரம் சமமாகப் போகும் பாதை ஒரு வளைவுக்கு அப்பால் மார்புக்கு நேராக நிமிர்ந்து நிற்கும். அதை ஏறி முடித்து மூச்சு வாங்குவதற்குள், மழைநீர் அறுத்த பள்ளங்களோடு கீழ்நோக்கிச் சரியும். நீலகிரி மலை ரயில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில், 12 அடிக்கு 1 அடி உயரும் சரிவையே பற்சக்கரத் தண்டவாளத்தின் துணைகொண்டுதான் ஏறுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், அதனினும் செங்குத்தான தோட்டப் பாதைகளில் சைக்கிளோடு சஞ்சரிக்க விரும்புகிறவருக்கு ஒரு நல்ல துணை எவ்வளவு அவசியம் என்பது விளங்கும். அத்தகைய துணையாக இன்று மின்சார மலைச் சைக்கிள் கிடைக்கிறது. அதன் பெருமையைப் பலரும் மோட்டாரின் பலத்தைக் கொண்டே மதிப்பிடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அதன் முதல் லட்சணம் பலம் அன்று, குறிப்பறிதல்.

மிதிக்கிறவரின் எண்ணத்தை வண்டி இரண்டு விதங்களில் அறிகிறது. விலை குறைந்த வண்டிகள் பலவற்றில், பெடல் சுழல்கிறதா இல்லையா என்பதை மட்டும் ஒரு காந்த வளையமும் சென்சாரும் கவனித்துக்கொண்டிருக்கின்றன. சுழன்றால் மோட்டார் ஓடும், நின்றால் நிற்கும். கால் மெல்ல மிதிக்கிறதா, முழு மூச்சோடு மிதிக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. மற்ற வகையில், பெடல் அச்சின் மீது விழும் அழுத்தத்தையே அளக்கும் டார்க் சென்சார் ஒன்று இருந்து, கால் கொடுக்கும் விசைக்குத் தக்க விகிதத்தில் மோட்டாரின் விசையைச் சேர்க்கிறது. யமஹா நிறுவனம் 1993-இல் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்துணைச் சைக்கிள் இந்தத் தத்துவத்தின் மேல் அமைந்ததுதான். பின்னர் வந்த உயர்ந்த ரக வண்டிகளில் பெரும்பாலானவை அதே வழியில் வந்தவை.

இந்த வித்தியாசத்தை உணரச் சமதரை உதவாது. ஏற்றத்தின் நடுவே, குறுகிய வளைவொன்றில் வண்டியை நிறுத்தி, மறுபடியும் கிளப்பிப் பாருங்கள். முதல் வகை வண்டியில் பாதிச் சுற்றுவரை கால் தனியாகப் போராடும். பிறகு எதிர்பாராத தருணத்தில் மோட்டார் பாய்ந்து இழுக்க, முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பி, ஹேண்டில்பார் கைக்கு அடங்காமல் திரும்பும். இரண்டாவது வகையில், பாதத்தின் பாரம் பெடலில் இறங்கிய கணத்திலேயே பின்சக்கரம் மண்ணைக் கவ்விக்கொண்டு நகரத் தொடங்கும். சரளைக்கல் குவிந்த இடத்தில் சக்கரம் வழுக்கப் பார்க்கும்போது காலைச் சற்றே தளர்த்தினால் மோட்டாரும் உடன் தளர்ந்துகொடுத்து, பிடி கிடைத்ததும் காலோடு சேர்ந்து மீண்டும் முனைகிறது. பாடகரின் மனோதர்மம் அறிந்து, அவர் ஓங்கும்போது ஓங்கியும் அடங்கும்போது அடங்கியும் வாசிக்கும் மிருதங்க வித்வானின் பாங்கு அது. தன் கால்பலம் எங்கே முடிந்தது, வண்டியின் பலம் எங்கே தொடங்கியது என்று பிரித்தறிய முடியாமல் ஏறுவதுதான் இந்த வாகனத்தில் அனுபவிக்கத்தக்க பேரானந்தம். அதைப் பெற விரும்புகிறவர் முதல் சில நாட்கள் மிகக் குறைந்த உதவி நிலையிலேயே ஓட்டுவது நலம். உதவி மிகுந்துவிட்டால் நுட்பம் புலப்படாது.

மோட்டார் இருக்கும் ஸ்தானமும் முக்கியமானது. மின்சாரச் சைக்கிளுக்கு அமெரிக்காவில் ஆக்டன் போல்ட்டன் 1895-இல் பெற்ற காப்புரிமையில் மோட்டார் பின்சக்கரத்தின் நடுவில் இருந்தது. இரண்டே ஆண்டுகளில் ஹோசியா லிபி பெற்ற காப்புரிமையில் அது பெடல் அச்சுக்கு வந்துவிட்டது. அந்த இரு கிளைகளும் இன்றளவும் தொடர்கின்றன. நகரத்துச் சாலைக்குச் சக்கரத்து மோட்டார் போதும். செங்குத்தான பாதையிலோ சக்கரம் மெதுவாகச் சுழல்வதால், அதனோடு கட்டுண்ட மோட்டாரும் மெதுவாகச் சுழன்று, மின்சாரத்தை விசையாக்குவதற்குப் பதில் உஷ்ணமாக்கிக்கொண்டிருக்கும். பெடல் அச்சிலுள்ள மோட்டாரின் விசை செயின் வழியாகவும் கியர் வழியாகவும் செல்வதால், சக்கரம் எவ்வளவு மெதுவாக உருண்டாலும் கால் இயல்பான வேகத்தில் சுழலலாம். மோட்டாரும் தனக்கு உகந்த வேகத்தில் இயங்கலாம். ஆனால் காலின் விசையும் மோட்டாரின் விசையும் ஒரே செயினில் ஏறுவதால், அது சாதாரணச் சைக்கிளைக் காட்டிலும் விரைவில் தேயும். ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு கியரை மாற்றும் பழக்கத்தை அவசியம் கைக்கொள்ள வேண்டும்.

பேட்டரி எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்பது மலைநாட்டில் பயனற்ற கேள்வி. எத்தனை மீட்டர் உயரம் ஏற்றும் என்று கேட்பதே விவேகம். ஆளும் வண்டியும் தண்ணீரும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், 1,000 மீட்டர் உயர்வதற்கு மட்டும் ஏறக்குறைய 272 வாட்-மணி சக்தி தேவை. அதில் மூன்றில் ஒரு பங்கைக் கால் கொடுத்தாலும், மோட்டாரில் உஷ்ணமாக வீணாவதையும் மண்ணின் உராய்வையும் கணக்கில் சேர்த்தால், 500 வாட்-மணி பேட்டரியிலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமன்று. உதகையில் உறைபனி விழும் மார்கழிக் காலைகளில் அதிலும் ஒரு பகுதி குறையும். அக்காலத்தில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, குளிர் தணிந்த பிறகே சார்ஜ் செய்வது உசிதம்.

ஏறின உயரத்தை இறங்கவும் வேண்டுமல்லவா? பெடல் அச்சு மோட்டார் பெரும்பாலும் இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவதில்லை. உயரம் ஏறியதில் சேர்ந்த சக்தியின் பெரும்பகுதியைப் பிரேக்குகளே உஷ்ணமாகத் தாங்க வேண்டும். வண்டியின் எடை மட்டும் 24 கிலோவை ஒட்டியிருப்பதால், 200 மில்லிமீட்டர் தட்டுகள் கொண்ட ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்குகளில் சிக்கனம் பார்க்கலாகாது. அவற்றையும் இடைவிடாமல் அழுத்திக்கொண்டே வராமல், அழுத்தமாகப் பிடித்து விட்டு, ஆறவிட்டு மறுபடியும் பிடிக்க வேண்டும். டயர் அகலமாகவும் காற்று சற்றுக் குறைவாகவும் இருப்பது நல்லது. சஸ்பென்ஷன் முன்பக்கம் இருந்தாலே தோட்டப் பாதைக்குப் போதும்.

மோட்டார் 250 வாட்டுக்கு உட்பட்டு, அதன் உதவி மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தோடு நின்றுவிடும் வண்டியை நம் நாட்டுச் சட்டம் மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. அதற்காக எல்லாப் பாதையும் நமக்குத் திறந்திருப்பதாகப் பொருளில்லை. தோட்டத்துக்குள் செல்லத் தோட்டத்தாரின் அனுமதியும், காட்டுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதியும் வேண்டும். தேயிலைச் செடிகளிடையே மேயும் காட்டெருமைகளுக்கு இந்த வண்டியின் வரவு காதில் விழாது என்பதையும் மறக்கலாகாது. மறைவான வளைவுகளில் மணியடித்து, வேகத்தைக் குறைத்துச் செல்ல வேண்டும்.

வாங்குகிறவர் கடை வாசலில் ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைந்துவிடாமல், அருகிலுள்ள ஏற்றம் எதற்கேனும் வண்டியைக் கொண்டுபோகக் கேட்க வேண்டும். அங்கே நின்று கிளம்பிப் பார்த்த பிறகு, மோட்டாரை அணைத்துவிட்டுச் சிறிது தூரம் மிதித்தும், இறங்கித் தள்ளியும் பாருங்கள். பேட்டரி தீர்ந்த மாலையில் அந்த வண்டியோடுதான் வீடு திரும்பியாக வேண்டும்.